மிச்ச டேப்

அண்ணாச்சி கடையில் முதல் கேள்வி 'என்ன பாட்டு?' என்று வராது. 'அறுபதா, தொண்ணூறா?' என்றுதான் வரும். எந்தப் படத்துப் பாட்டைத் தலைக்குள் சுமந்துகொண்டு போயிருந்தாலும், அதை எவ்வளவு நேரத்துக்குள் அடைக்கப்போகிறோம் என்று முதலில் சொல்லியாக வேண்டும். தொண்ணூறு என்றால் முகத்தைச் சுளிப்பார். "டேப் மெலிசுடே. நாலு மாசத்துல ரோலர்ல சுத்திக்கிடும்." நூற்றிருபது என்று யாராவது கேட்டால் பதிலே வராது. மளிகைக் கடையில் வந்து பூட்டுச் சாவி விசாரித்தவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். ஆகவே எல்லாரும் கடைசியில் அறுபதுக்கே வந்து சேர்வோம். பக்கத்துக்கு முப்பது நிமிஷம். பாட்டு நாலரை நிமிஷம் என்றால் ஒரு பக்கத்துக்கு ஆறு, குட்டையாக அமைந்தால் ஏழு. மொத்தம் பன்னிரண்டோ பதிமூன்றோ. அவ்வளவுதான் இடம்.

அறுபதைத் தலையில் கட்டினால் மறுபடி சீக்கிரம் வந்து இன்னொன்று பதிவோம் என்ற வியாபாரக் கணக்கும் அவருக்கு இருந்திருக்கும். இப்போது யோசித்தால் தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

கோவில்பட்டியில் 1987-ல் நான் ஒன்பதாம் வகுப்பு. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு ஜவுளிக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே ஆறடி அகலத்தில் இருந்தது அந்த ரெக்கார்டிங் சென்டர். கண்ணாடிக் கதவு முழுக்க சினிமா ஸ்டிக்கர். தள்ளிக்கொண்டு உள்ளே போனால், வெளியே கொளுத்திக்கொண்டிருந்த கரிசல் வெயில் சட்டென்று அணைந்துபோகும். இருட்டில் டெக்கின் பச்சை, சிவப்பு விளக்குகள் பாட்டுக்கு ஏற்றபடி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ஸ்பிரிட்டும் புது பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை. சுவரோடு சுவராக எல்.பி. தட்டுகள், பெரும்பாலும் எக்கோ கம்பெனி வெளியிட்டவை, அதாவது இளையராஜா. கவுண்டரில் 'சாய வேண்டாம்' என்று எழுதி ஒட்டியிருக்கும். மரியாதைக்காக எழுதியது என்றுதான் புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். சாய்ந்தால் கவுண்டர் ஆடும், கவுண்டர் ஆடினால் ஊசி துள்ளும், ஊசி துள்ளினால் யாரோ ஒருவருடைய கேசட்டில் அந்தத் துள்ளல் ஆயுசுக்கும் இருக்கும்.

அண்ணாச்சிக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கலாம். காதிடுக்கில் ஒரு பென்சில் எப்போதும் இருக்கும். கேசட்டைச் சுற்றுவதற்கும் அதுதான், கணக்கு எழுதுவதற்கும் அதுதான். கடையின் உண்மையான முதல் எல்.பி. தட்டுகளா, அவர் எழுதி வைத்திருந்த நாலு நோட்டுகளா என்று கேட்டால் நான் நோட்டுகளைத்தான் சொல்வேன். பச்சைக் காலிகோ பைண்டிங் போட்ட நீளமான கணக்கு நோட்டுகள். முதல் நோட்டு விஸ்வநாதன்–ராமமூர்த்தி, கே.வி. மகாதேவன் காலத்துப் பழசு. இரண்டாவதும் மூன்றாவதும் இளையராஜா. 1976-ல் 'அன்னக்கிளி' வந்து பதினோரு வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்குள் இரண்டு நோட்டு நிறைந்து அட்டைக்கு உள்பக்கமெல்லாம் எழுதியிருந்தார். நாலாவதில் பக்தி, இந்தி, குன்னக்குடி வயலின், நாகஸ்வரம் எல்லாம் கலந்து கிடக்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு எண், படம், பாடியவர்; ஓரத்தில் பென்சிலால் நிமிஷமும் நொடியும். எல்.பி. உறையில் நேரம் அச்சடித்திருந்தாலும் அதை நம்ப மாட்டார். தன் கைக்கடிகாரத்தை வைத்து ஓடவிட்டுப் பார்த்துத்தான் எழுதுவார்.

அந்தக் காலத்தில் பாட்டுக்கே பஞ்சம், அதனால்தான் கிடைத்ததைப் போற்றினோம் என்று என் வயதுக்காரர்கள் பேசுவதுண்டு. நானும் பல காலம் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். பஞ்சமெல்லாம் இல்லை. அந்த நாலு நோட்டிலும் சேர்த்து ஆயிரக்கணக்கில் பாட்டு இருந்தது. கவுண்டரில் சாயாமல் நின்றுகொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டும்போது வயிற்றைப் பிசையும். எல்லாம் வேண்டும். கையில் இருப்பது அறுபது நிமிஷம்.

அந்த அறுபது நிமிஷத்துக்குக் காசு சேர்த்த கதையையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தீப்பெட்டி ஒட்டும் வேலை நடந்தது. மெல்லிய மரச்சீவலையும் நீலத் தாளையும் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து போடுவார்கள். பசை கிண்டி, தாளில் தடவி, அடிப்பெட்டி தனி, மேல்பெட்டி தனி என்று ஒட்டி, தெருவில் சாக்கை விரித்துக் காயவைக்க வேண்டும். கணக்கு குரோஸில். ஒரு குரோஸ் என்றால் 144. எத்தனையோ குரோஸ் ஒட்டினால்தான் ஒரு ரூபாய் தேறும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மாவோடு உட்கார்ந்து நான் ஒட்டியதில் அம்மா எனக்கென்று ஒதுக்கிய சில்லறை, வெறும் கேசட்டுக்கும் பதிவுக் கூலிக்கும் சேர ஏறக்குறைய மூன்று மாசம் ஆகும். மெல்ட்ராக் என்றால் கொஞ்சம் முன்னாலேயே முடியும். டி.டி.கே. என்றால் இன்னும் ஒரு மாசம் ஒட்ட வேண்டும்.

இதை நான் இனிமையான நினைவாகச் சொல்ல வரவில்லை. எங்கள் தெருவில் என் வயதுப் பெண் பிள்ளைகள் இருட்டு விலகுமுன் கம்பெனி பஸ் ஏறிப்போய்க் கட்டை அடுக்கிவிட்டு, இருட்டிய பிறகு திரும்பி வந்தார்கள். அவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பு இல்லை, கேசட்டும் இல்லை. இல்லாமையை எளிமை என்று சொல்லிக்கொள்வது வசதி வந்தபின் வருகிற வியாதி. எனக்கும் அது அவ்வப்போது வருவதால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

பெட்டி ஒட்டும்போது ரேடியோ. எங்களுக்குச் சென்னையைவிடக் கொழும்பு கிட்டத்தில் இருந்தது. இலங்கை வானொலி அடுத்த தெருவிலிருந்து பேசுவதுபோல் துல்லியமாகக் கேட்கும். காலையில் 'பொங்கும் பூம்புனல்' தொடங்கினால் அடுப்பில் இருப்பதை இறக்க வேண்டும் என்று அம்மாவுக்கு அர்த்தம். கே.எஸ். ராஜாவின் வேகமும் அப்துல் ஹமீதின் நிதானமும் எங்கள் தெருப் பெண்களுக்குச் சொந்தக்காரர்களின் குரல் மாதிரி. ரேடியோவில் நாம் தேர்ந்தெடுக்க எதுவுமில்லை, அவர்கள் போட்டதுதான். பிடித்த பாட்டு வந்தால் அம்மாவின் விரல் இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடும். பிடிக்காத பாட்டு வந்தால் பசை எடுக்க எழுந்து போவாள். அவள் பாட்டை மாற்றியது அவ்வளவுதான்.

ரேடியோவில் வந்து போகிற பாட்டு ஒன்று நம்முடையதாக வேண்டுமென்றால் அது பட்டியலில் ஏற வேண்டும். அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் பட்டியல் இருக்கும். முதலில் நாற்பது பாட்டு. அதை இருபத்தைந்தாக்க ஒரு மாசம். 'மௌன ராக'த்தில் எத்தனை, 'சிந்து பைரவி'யில் எத்தனை, 'நாயகன்' வந்துவிட்டதே, அதற்கு எதை வெளியேற்றுவது? கதிரேசன் மலைப் படிக்கட்டில் உட்கார்ந்து கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டு நானும் இரண்டு கூட்டாளிகளும் செய்த விவாதத்தை எந்தப் பஞ்சாயத்திலும் செய்திருக்க மாட்டார்கள். ஒரு பாட்டை அடிக்கும்போது சும்மா அடிக்க முடியாது. ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்காகவே பல்லவி, சரணம், நடுவில் வரும் புல்லாங்குழல் என்று ஒவ்வொன்றாக மனசுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. அடிக்கப்பட்ட பாட்டுகளைத்தான் நான் மிக உன்னிப்பாகக் கேட்டேன் என்று சொன்னால் நம்புவீர்களா தெரியவில்லை. பட்டியலில் இடம்பிடித்தவை வீட்டுக்கு வந்துவிடும், கவலையில்லை. விடுபட்டவை டீக்கடையில் கேட்டால் காலைப் பிடித்து நிறுத்தும்.

பதினைந்து பாட்டோடு அண்ணாச்சியிடம் போனால், அங்கே இன்னொரு கத்தரி. நோட்டைப் பார்த்து ஓரத்தில் உள்ள நிமிஷங்களைக் கூட்டுவார். "முப்பத்திரெண்டு வருது. ரெண்டு நிமிசத்தை என் தலையிலயா பதிய?" என்பார். எதை எடுப்பது என்று நாம் விழித்தால் அவரே சொல்வார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வரிசையையும் மாற்றுவார். "இதுக்குப் பின்னால இது வரப்படாதுடே. சுதி ஒட்டாது." முதல் தடவை எனக்கு ஒன்றும் புரியவில்லை. சோகப் பாட்டுக்குப் பின்னால் குத்துப்பாட்டு வேண்டாம் என்கிறாரோ என்று நினைத்தேன். அவர் சொன்னது அது இல்லை. ஒரு பாட்டு முடிகிற சுதியும் அடுத்தது எடுக்கிற சுதியும் பக்கத்துப் பக்கத்தில் உரசினால் காதில் பல் கூசுகிற மாதிரி இருக்கும். ஒன்று ஒட்டினால், இரண்டு பாட்டுக்கும் நடுவே உள்ள அந்த நாலு நொடி மௌனத்திலும் சுதி நிற்கும். இதை அவர் தட்டைப் போட்டுக் காட்டினார். பதினாலு வயசுப் பையனுக்கு அதைக் காட்டி அவருக்கு என்ன லாபம் என்று இன்றுவரை தெரியாது.

அவருடைய அப்பா ஒரு மேளக்காரச் செட்டில் ஒத்து ஊதியவராம். பிற்பாடு ஒரு மத்தியானம், கரண்ட் போய், டெக் விளக்கெல்லாம் அணைந்து, அவரும் நானும் மட்டும் இருந்தபோது சொன்னார். ஒத்தைப் பார்த்திருப்பவர்கள் இன்று குறைவு. பார்வைக்கு நாகஸ்வரம் மாதிரியே இருக்கும்; ஆனால் விரல் வைத்து வாசிக்கத் துளை கிடையாது. ஒரே சுரம். நாகஸ்வரக்காரர் தோடியும் கல்யாணியுமாக ஊரையே கிறங்கடித்துக்கொண்டிருக்கும்போது, அவருக்குப் பின்னால் ஒருவர் கன்னத்தை உப்பி, மூச்சு அறுபடாமல், அந்த ஒரே சுரத்தை ராத்திரி முழுக்க ஊதிக்கொண்டிருப்பார். சாமி புறப்பாட்டில் தெருத்தெருவாக நடந்துகொண்டே ஊத வேண்டும். அவருக்குக் கைதட்டல் கிடையாது. நிறுத்தினால் மட்டும்தான் அப்படி ஒருவர் இருந்ததே தெரியும். இப்போது அந்த வேலையைச் சுருதிப் பெட்டி செய்கிறது.

"அப்பாட்ட நான் கேட்டேன், ஒண்ணையே ஊதுறீயளே, சலிக்காதான்னு. 'எல்லாத்தையும் வாசிக்கிறவனுக்கு ஒண்ணையே ஊதுறவன் பின்னால வேணும்லே'ன்னாரு. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல." கரண்ட் வந்துவிட்டது. அண்ணாச்சி எழுந்து ஊசியைத் துடைக்கப் போய்விட்டார்.

இனி மிச்ச டேப்புக்கு வருகிறேன்.

ஆறு பாட்டு பதிந்த பிறகு பக்கத்தின் கடைசியில் எப்படியும் இரண்டு, இரண்டரை நிமிஷம் மிஞ்சும். முழுப் பாட்டுக்குப் போதாது. மற்ற ஊர்களில் அதைக் காலியாக விடுவார்கள், அல்லது ஏதாவது தீம் மியூசிக்கைப் போட்டு நிரப்புவார்கள். எங்கள் அண்ணாச்சி அந்த இடத்தில் நம்மைக் கேட்காமலே ஒன்றைப் பதிவார். எப்போதும் ஒரே பாட்டு: 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில், எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையில், எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் ஆபேரியில் ஒன்றையொன்று துரத்துமே, அது. காருகுறிச்சியார் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர், கோவில்பட்டியில் குடியிருந்தவர், 1964-ல் காலமானார். "நம்மூர்ல இருந்த மனுசன்டே. அவரு இல்லாம ஒரு கேசட்டு நம்ம கடைய விட்டு வெளிய போகப்படாது" என்பார். அதற்குக் கூலி கிடையாது. வேண்டாம் என்று சொன்னாலும் பதிவார்.

நாங்கள் சொல்லத்தான் செய்தோம். பதினாலு வயசில் நாகஸ்வரம் யாருக்கு வேண்டும்? கல்யாண வீட்டுச் சாமான். அந்த இடம் வந்தால் கேசட்டைத் திருப்பிப் போடுவோம். ஆனால் கையில் பசையோடு உட்கார்ந்திருக்கும்போது யார் எழுந்துபோய்த் திருப்புவது? அது பாட்டுக்கு ஓடும். அப்படியே ஓடி ஓடி ஒருநாள் என்னை அறியாமல் அந்த இடத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன். அம்மாவும்தான் என்று நினைக்கிறேன். அந்த இடத்தில் அவள் பசை எடுக்க எழுந்துபோனதில்லை.

பாட்டு ஐந்து நிமிஷத்துக்குப் பக்கம். மிச்சமோ இரண்டே சொச்சம். எனவே எல்லாருடைய கேசட்டிலும் அது பாதியில் 'டக்' என்று நின்றுவிடும். எந்த இடத்தில் நிற்கும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். என் கேசட்டில் ஜானகி ஒரு சங்கதியை ஏறக்குறைய முடிக்கப்போகும்போது நிற்கும். பக்கத்து வீட்டு அக்கா வைத்திருந்ததில் அதற்கும் முன்னாலேயே. என் கூட்டாளி ஒருவனுக்கு ஆறு பாட்டும் குட்டையாக அமைந்துவிட்டதால் சுர வரிசைவரை வந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் புதுக் கேசட் பதிந்தவனைப் பார்த்து நாங்கள் கேட்ட கேள்வி, "உனக்கு எதுவரைக்கும்லே வந்திருக்கு?" என்ன பாட்டெல்லாம் பதிந்தான் என்பது அப்புறம். பாதி ஊர் அந்தப் பாட்டை வெவ்வேறு நீளத்தில் வைத்திருந்தது. முழுசாக ஒருத்தனிடமும் இல்லை.

நான் முழுசாகக் கேட்டது கல்லூரிக்குத் திருநெல்வேலி போன பிறகு, ஒரு தனியார் பஸ்ஸில். என்னுடைய இடம் வந்தது. நிற்கும் என்று உடம்பு தயாராகிவிட்டது. நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. குரல் முடித்து, நாகஸ்வரம் அதே சங்கதியை எடுத்து, மேலே போய், திரும்பி வந்து... பழகிய வீட்டுச் சுவரில் திடீரென்று ஒரு வாசல் திறந்த மாதிரி இருந்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய் இறங்கினேன்.

மேற்கொண்டு நடந்தது எல்லாருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடைகளில் இப்படிப் பதிந்து விற்றது சட்டப்படி தவறு. 1984-லேயே பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டியிருந்தார்கள். சோதனை வருகிறது என்று பேச்சு அடிபட்டால் அண்ணாச்சி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார். பாடுபட்டு இசை அமைத்தவர்களுக்கும் வாசித்தவர்களுக்கும் போக வேண்டிய காசு அங்கே போகாமல் இருந்தது உண்மை. அதற்கு என்னிடம் நியாயம் கிடையாது. பிறகு கம்பெனிக் கேசட்டுகளே மலிவாக வந்தன. 'ரோஜா' வந்தது. சி.டி. வந்தது. எம்.பி.3 என்று ஒரே தட்டில் நூற்றைம்பது பாட்டு வந்தபோது ஊருக்குப் போயிருந்தேன். அண்ணாச்சி அந்தத் தட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது கேசட்டு இல்லடே, மூட்டை" என்றார்.

இப்போது மூட்டை கையிலேயே இருக்கிறது. என் போனில் உள்ள செயலியில் பத்துக் கோடிப் பாட்டுக்கு மேல் இருப்பதாகச் சொல்கிறார்கள். பாட்டு ஒன்றுக்கு நாலு நிமிஷம் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். இரவு பகல் தூங்காமல் கேட்டால் 760 வருஷம் ஆகும். வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் கடற்கரை போக முக்கால் மணி நேரம். அதில் கால் மணி நேரம் எதைக் கேட்பது என்று பார்ப்பதிலேயே போய்விடுகிறது. பல்லவி முடியும்போது கட்டைவிரல் அடுத்ததைத் தள்ளிவிடுகிறது. பாட்டு பிடிக்காமல் தள்ளுவதில்லை. இதைவிடப் பிடித்தது ஒன்று அடுத்து இருக்குமோ என்ற நினைப்பு. இப்படியே சரணம் என்று ஒன்று பாட்டில் உண்டு என்பதையே மறந்துவிடுவேன்போல் இருக்கிறது. இதே கட்டைவிரல்தான் சட்டை வாங்கும்போதும், ஓட்டல் சாப்பாடு வரவழைக்கும்போதும். ராத்திரி எட்டரைக்குப் பசியோடு உட்கார்ந்து ஒன்பதே கால்வரை பெயர்களைத் தள்ளிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் தயிர் சாதம் பிசைந்து தின்றுவிட்டுப் படுத்த நாள்கள் உண்டு.

போனிலேயே ஒரு அறுபது நிமிஷப் பட்டியல் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று ஒரு சமயம் முயன்றேன். பதின்மூன்று பாட்டு, பக்கத்துக்கு முப்பது நிமிஷம், சுதி பார்த்து அடுக்கினேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றைச் சேர்த்தேன். ஒரு வாரத்தில் அது எழுபது பாட்டாகியிருந்தது. சேர்க்க ஒரு தொடுதல், நீக்க ஒரு தொடுதல் என்றால் பிறகு அது என்ன பட்டியல்? அதற்காக நான் ஒரு பெட்டிகூட ஒட்டவில்லை. "முப்பத்திரெண்டு வருது" என்று சொல்ல ஆளும் இல்லை. செயலியும் எனக்குப் பிடிக்கும் என்று பாட்டுகளை எடுத்து நீட்டத்தான் செய்கிறது. நான் ஏற்கெனவே கேட்டதைப் பார்த்து, அதைப் போலவே இன்னொன்று. அண்ணாச்சி பதிந்தது எனக்குப் பிடிக்கும் என்பதற்காக அல்ல. அவருக்குத் தெரிந்த ஒன்று எனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது என்பதற்காக.

கொரோனாவுக்குப் பிறகு ஒரு நாள் பரணைச் சுத்தம் செய்யும்போது அந்த டி.டி.கே. கிடைத்தது. முதுகில் என் கோணல் கையெழுத்து. அழியாமல் இருக்க உடைத்த பின்பக்கக் காதுகள். டூ-இன்-ஒன்னும் இருந்தது, ரப்பர் பெல்ட் பிசினாக உருகிப்போயிருந்தது. ரிச்சி தெருவில் மூன்று கடை ஏறி இறங்கி நாலாவது கடையில் ஒரு பெரியவர் பெல்ட் மாற்றி, ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஹெட்டைத் துடைத்துக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டேன். ஒரு இடத்தில் டேப் அறுந்து நான் அன்று ஒட்டியிருந்ததால், ஒரு பாட்டில் ஒரு சொல் இல்லை. அந்தச் சொல் இல்லாமல்தான் அந்தப் பாட்டு எனக்குத் தெரியும். கல்லூரியில் படிக்கும் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முதல் பாட்டு முடிவதற்குள், "அடுத்ததுக்குப் போக முடியாதாப்பா?" என்று கேட்டாள். போகலாம், பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு உத்தேசமாக நிறுத்த வேண்டும் என்றேன். அவளுக்கு அது பெரிய வேலையாகப் பட்டது. விட்டுவிட்டாள். பி பக்கம் முழுக்க ஓடி, கடைசியில் ஜானகி சங்கதியை முடிக்கப்போகும் இடத்தில் 'டக்' என்று நின்றது. "என்னப்பா, கெட்டுப்போச்சா?" என்றாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்துக்காகக் கோவில்பட்டி போனபோது அந்தச் சந்துக்குள் நுழைந்து பார்த்தேன். சைக்கிள் கடை இல்லை. அண்ணாச்சி கடை இருந்த ஆறடியில் போன் உறைகள் தொங்குகின்றன. அண்ணாச்சி காலமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று ஜவுளிக்கடையில் சொன்னார்கள். எல்.பி. தட்டுகளை மதுரையிலிருந்து யாரோ வந்து மொத்தமாக வாங்கிப் போனார்களாம். பழைய தட்டுக்கு இப்போது நல்ல விலை. நோட்டுகள் என்ன ஆயின என்று கேட்டேன். எந்த நோட்டு என்று திருப்பிக் கேட்டார்கள்.

தட்டுகள் எங்காவது ஒரு சேகரிப்பாளர் வீட்டில் பத்திரமாக இருக்கும். அதிலுள்ள பாட்டுகள் எல்லாம் என் போனிலும் இருக்கின்றன. இல்லாதது அந்த நாலு நோட்டு. நீளவாக்கு, பச்சைக் காலிகோ அட்டை, ஓரத்தில் பென்சிலால் நிமிஷமும் நொடியும் எழுதியிருக்கும். கோவில்பட்டி, எட்டயபுரம், கழுகுமலைப் பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது, பழைய பேப்பர் கடையிலாவது அப்படி ஒன்று கண்ணில் பட்டால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இந்தப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதிப்போடுங்கள். நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.